வேருக்குத் தாகம், இலைக்கு நஞ்சு

தென்னங்கன்று வைக்கிற குழியில் மணலோடு உப்பையும் சேர்த்துப் போடுவது நம் தோப்புக்காரர்களுக்குப் பழகிய காரியம். பிலிப்பைன்ஸில் ஒரு படி மேலே போய், வளர்ந்த மரத்துக்கே உப்பை உரமாகப் பரிந்துரைக்கிறார்கள். இதில் மூடநம்பிக்கை ஏதும் இல்லை. உப்பின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். இலைத் துளைகளைத் திறந்து மூடத் தென்னைக்கு அது நிறையவே வேண்டும். மற்றச் செடிகளுக்கும் குளோரின் தேவைதான், ஆனால் சொற்ப அளவில். மழையிலும் மண்ணிலும் இருப்பதே அவற்றுக்குப் போதும்.

அதே உப்பு நெல் நாற்றின் காலடிக்கு வந்தால் கதை வேறு. சில நிமிடங்களிலேயே இலையின் வளர்ச்சி மட்டுப்படுகிறது. அதற்குள் உப்பு இலைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. ஆக, முதல் அடி நஞ்சு அல்ல, தாகம். மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசிறி வைத்தால் நீர் விடுகிறதே, அந்தச் சவ்வூடு பரவல்தான் இங்கும். வேர்ச் செல்லுக்குள் இருக்கும் சாறு மண்ணீரைவிட அடர்த்தியாக இருக்கும்வரை தண்ணீர் உள்ளே வரும். வெளியே உப்பு ஏற ஏற அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிற வயலில் பயிர் உச்சிவெயிலில் துவண்டு கிடப்பது இதனால்தான். கடல்நீரிலிருந்து தண்ணீரை மட்டும் உறிஞ்ச வேண்டுமானால், காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 25 மடங்கு விசையோடு வேர் இழுத்தாக வேண்டும்.

இரண்டாவது அடி வாரக் கணக்கில் மெதுவாக விழும். வேரைத் தாண்டி ஏறிய உப்பு இலையில் போய் நிற்கிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும்: அடியில் இருக்கும் பழைய இலைகள்தான் முதலில் நுனி கருகும், குருத்து அப்போதும் பச்சையாகவே இருக்கும். செல்லுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் பொட்டாசியத்தை நம்பி வேலை செய்கின்றன. சோடியம் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் அதன் வேலையைச் செய்யாது. புது இலை விடுகிற வேகத்தைப் பழைய இலை காய்கிற வேகம் மிஞ்சிவிட்டால் கதிர் பிடிக்க வழியில்லை.

மண்ணின் உப்பை அதன் மின்கடத்தும் திறனால் அளக்கிறார்கள்; அலகு, மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்பது. நெல் 3 வரை தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் சுமார் 12 சதவீதம் சரியும். 7ஐத் தாண்டும்போது பாதி போய்விடும். பார்லி 8 வரை அசையாது. கடல்நீரின் அளவு சுமார் 50.

அந்த 50இலும் வளர்கிற மரங்கள் முத்துப்பேட்டையில் இருக்கின்றன. அங்குள்ள அலையாத்திக் காட்டில் பெரும்பாலும் வெண்கண்டல்தான். உப்பில் பெரும்பகுதியை அதன் வேரே வடிகட்டி வெளியே நிறுத்திவிடும். தப்பி ஏறியதை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளும். வெயில் ஏறியபின் இலையைத் தடவினால் பொடி உப்பு விரலில் ஒட்டும். பக்கத்திலேயே வளரும் உமரி வேறு வழி வைத்திருக்கிறது: உப்பைச் செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பைக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது. அதன் இலை தடித்திருப்பதும் மென்றால் கரிப்பதும் அதனால்தான்.

நெல்லிலும் இப்படிச் சில ரகங்கள் உண்டு. கேரளத்தின் பொக்காளி, வங்காளத்தின் நோனா பொக்ரா, நம் கடலோர டெல்டாவின் களர்ப்பாலை, குழியடிச்சான். 2005இல் நோனா பொக்ராவில் ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். மேலே ஏறும் நீரிலிருந்து சோடியத்தைப் பொறுக்கியெடுத்து, இலைக்குப் போகவிடாமல் வேர்ப்பக்கமே நிறுத்துவதுதான் அதன் வேலை. அதே குடும்பத்து மரபணு ஒன்றை, ஆதிக் கோதுமை ஒன்றிலிருந்து ஒட்டுக் கலப்பின் மூலம் துரும் கோதுமைக்குக் கொண்டுவந்தது ஆஸ்திரேலியாவின் ரானா முன்ஸ் குழு. 2012இல் வெளியான அந்த முடிவின்படி, உவர் வயலில் விளைச்சல் 25 சதவீதம் வரை கூடியது. இந்த ரகங்களுக்கு உப்பின்மேல் ஆசை ஒன்றும் இல்லை. கதவில் காவல் பலம், அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் வயல்கள் பல ஆண்டுகளுக்குத் தரிசாகிவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. ஆனால் மணற்பாங்கான நிலங்களில் அடுத்து வந்த மழை உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிட்டது. வெறும் உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் இருந்தாலே பாதி வைத்தியம் முடிந்தது.

களர் நிலத்தில் அந்த வைத்தியம் எடுபடாது. அங்கே சோடியம் களிமண் துகள்களோடு ஒட்டியிருக்கிறது. நல்ல தண்ணீரை விட்டால் துகள்கள் பிரிந்து கலங்கி, மண்ணின் துளைகளை அடைத்துவிடும்; தண்ணீர் இறங்காது, காய்ந்தால் நிலம் பாறை போலாகும். முதலில் ஜிப்சம் போட வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் துகளிலிருந்து பெயர்த்துவிடும். பிறகு தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். திருச்சி நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரி இருப்பதே களர் நிலத்தில்தான். அந்த மண்ணுக்கென்றே அங்கே நெல் ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள். நிலம் எந்த வகை என்பதை மண் பரிசோதனைச் சீட்டே சொல்லிவிடும்: மின்கடத்தும் திறன் 4க்கு மேல் என்றால் உவர், கார அமில நிலை 8.5ஐத் தாண்டினால் களர். சீட்டைப் பார்க்காமல் ஜிப்சம் மூட்டையை இறக்குவது வீண் செலவு.

நடவில் ஒரு சூட்சுமமும் உண்டு. முளைக்கும்போது நெல் உப்பை ஓரளவு பொறுக்கும். இளநாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும்தான் ஒடிந்துவிடும். அதனால் உப்பு நிலத்தில் சற்று முற்றிய நாற்றை, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வைத்து நடச் சொல்கிறார்கள்.

மாடித் தோட்டக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் தள்ளிவிடும் கழிவுநீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றும்; ஆனால் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பும் அதில்தான் இருக்கிறது. நிலத்து உப்பாவது மழையில் கீழே இறங்கும். தொட்டியில் அது தங்கி, விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். அப்படிப் பூத்துவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்திவிட்டு, மழைநீரையோ ஏசி வடிநீரையோ அடித் துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் மண் அதைத் திரும்பவும் உறிஞ்சிக்கொள்ளும்.