வரவுப் பதிவேட்டில் 41 பேர்



வருகிற பாடசாலை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வகுப்பு மாணவிகள் நாங்கள் ஒன்றுகூடப் போகிறோம். 1995ஆம் ஆண்டு வலிகாமத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் ஆண்டு 11இல் படித்தவர்கள் நாங்கள். 30 ஆண்டுகளுக்குப் பிறகு இதுதான் எங்கள் முதலாவது ஒன்றுகூடல்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் யானை விலை. குப்பி விளக்கைச் சுற்றி நான்கைந்து பேர் இருந்து படித்தோம். கடந்தகால வினாத்தாள் புத்தகம் ஒன்றுதான் கிடைத்தது. அதை முறை வைத்துக் கொப்பியில் பார்த்து எழுதினோம். மார்கழியில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வரும் என்ற ஒரே எண்ணந்தான்.

அதற்கு முன்னர் ஒக்டோபர் 30 வந்தது. லட்சக்கணக்கான சனத்தோடு நாங்களும் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். தென்மராட்சியில் சில மாதங்கள். 1996 சித்திரையில் சிலர் ஊர் திரும்பினார்கள். என் குடும்பம் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போனது. என் படிப்பும் அத்தோடு நின்றது. நாங்கள் எல்லோரும் கடைசியாக ஒரே வகுப்பறையில் இருந்த நாள் எது என்று இப்போது எவருக்கும் நினைவில்லை. அது கடைசி நாள் என்று அன்று யாருக்குத் தெரியும்?

இந்த ஒன்றுகூடலுக்கு விதை போட்டது ஓர் ஓட்டோகிராப். இடம்பெயர்ந்த கிழமை என் ஓட்டோகிராப்பை எழுதுவதற்கென்று ஒரு சிநேகிதி வாங்கிச் சென்றிருந்தாள். அவள் ஊர் திரும்பியவள். அதனால் அது பிழைத்தது. என்னிடம் இருந்திருந்தால் 2009இல் முள்ளிவாய்க்காலில் மற்றவற்றோடு போயிருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவள் என் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்து, “எடி, உன்ர ஓட்டோகிராப் இன்னும் என்னட்டைக் கிடக்கு. நான்தான் இன்னும் எழுதேல்லை” என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு இருவரும் அழுதோம்.

அதிலிருந்த பெயர்களை வைத்துத் தேடத் தொடங்கினோம். வகுப்பில் 41 பேர். இன்றுவரை 33 பேரைக் கண்டுபிடித்திருக்கிறோம். 14 பேர் வெளிநாட்டில், 19 பேர் நாட்டில். நால்வர் உயிரோடு இல்லை. மூவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மிகுதி ஒருத்தியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஆளைத் தேடுவதை விடக் கடினம் அவர்களை வரச் சம்மதிக்க வைப்பது. “நான் கூலி வேலைக்குப் போறவள். டொக்டர், ரீச்சர் எண்டு இருக்கிறவைக்கு நடுவில என்னத்தைக் கதைக்கிறது?” என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கு நான் ஆறுதல் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. நான் வீட்டில் தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன். சாதாரண தரச் சான்றிதழ் என்னிடம் இல்லை.

பணப் பிரச்சினையும் வந்தது. வெளிநாட்டுச் சிநேகிதிகள் ஹோட்டல் மண்டபம் எடுப்போம், ஆளுக்கு 10,000 ரூபா போடுவோம் என்றார்கள். அவர்களுடைய ஆசையில் பிழை இல்லை. ஆனால் இங்கே சிலருக்கு அது ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு. மூன்று கிழமை கதைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். அதிபரின் அனுமதியோடு பாடசாலை மண்டபத்திலேயே கூடுவோம். சமையலை நாங்களே செய்வோம். எல்லோருக்கும் பெயர் எழுதாத கடித உறை ஒன்று கொடுக்கப்படும். முடிந்தவர் முடிந்ததைப் போடலாம், முடியாதவர் வெறும் உறையை ஒட்டித் தரலாம். யார் எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. கிளிநொச்சியிலிருந்து ஒரு வான் புறப்பட்டு ஏ9 வீதியில் நிற்பவர்களை ஏற்றிவரும். பிள்ளைகளையும் கூட்டி வரலாம். இன்னொன்றும் தீர்மானித்தோம்: “புருஷன் என்ன செய்யிறார்?” என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. சொல்ல விரும்புபவர் தானாகச் சொல்லட்டும். இந்த முடிவுகளைச் சொன்ன பிறகு, கூலி வேலைக்குப் போகும் சிநேகிதி வானில் தனக்கும் ஓர் இடம் வைக்கச் சொன்னாள்.

இனி அந்த ஒருத்தி. கணக்கில் கெட்டிக்காரி. 2009 வைகாசியில் வட்டுவாகலில் கடைசியாகக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு தகவல் இல்லை. இறந்தவர்களுக்கு விளக்கேற்றி அஞ்சலி செலுத்துவதென நாங்கள் தீர்மானித்தபோது, அவள் பெயரையும் அதில் சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தது. சேர்த்தால் குற்றம், விட்டால் மறந்ததாகும். தாயாரிடமே கேட்போம் என்று நானும் இன்னொரு சிநேகிதியும் போனோம்.

அம்மாவுக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. மகளின் படத்தோடு போராட்டப் பந்தலில் எத்தனையோ நாட்கள் இருந்தவர். எங்களுக்குத் தேத்தண்ணீர் தந்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: “செத்த ஆக்களோட என்ர பிள்ளையின்ர பேரைப் போடாதேங்கோ. ஆனா பேரை விட்டிடவும் வேண்டாம், பிள்ளை.”

எங்கள் வகுப்பாசிரியை இளைப்பாறிவிட்டார், ஆனாலும் வருகிறார். அன்று காலை பழையபடி வரவு கூப்பிடுவார். 41 பெயர்களையும் கூப்பிடுவார். இறந்த நால்வரின் பெயர் வரும்போது விளக்கேற்றுவோம். அந்த ஒருத்தியின் பெயரில் விளக்கு இல்லை. அவள் இருந்த மூன்றாவது வாங்கில் அன்று அம்மா இருப்பார். “அவளின்ர இடத்தில நான் இருக்கிறன்” என்று அவரே கேட்டார். அந்தப் பெயரைக் கூப்பிடும்போது என்ன செய்வோம் என்று நாங்கள் பேசி வைக்கவில்லை. அது அம்மாவின் விருப்பம்.

உறைகளில் சேரும் பணத்தில் செலவு போக மிஞ்சுவதற்கு, இந்த ஆண்டு சாதாரண தரம் எழுதும் பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள் புத்தகங்கள் வாங்கிக் கொடுப்போம். ஆளுக்கு ஒன்று, பார்த்து எழுதத் தேவையில்லாமல்.

நான் எனக்கு ஒரு புதிய சட்டை தைக்கிறேன், ஊருக்கெல்லாம் தைத்த பிறகு. “என்ன செய்கிறாய்?” என்று கேட்டால் “தைக்கிறேன்” என்று நிமிர்ந்து சொல்வேன்.

சகோதரிகளே, உங்கள் வகுப்பிலும் உங்களை நினைத்துக்கொண்டு ஒருத்தி எங்கோ இருப்பாள். ஒரு பெயரைத் தேடித் தொடங்குங்கள். என் ஓட்டோகிராப்பில் ஒரு பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை அவள் எழுதித் தருவாளாம்.