‘சும்மாதான் ஸார் இருக்கா!’

ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்தபடி நாம் சொல்லும் வசனங்களில் நூறு நாள் ஓடியது இதுதான்: "வொய்ஃப் வேலைக்குப் போகலை ஸார். வீட்ல சும்மாதான் இருக்கா." சொல்லும்போதே வாயில் இருப்பது, அந்த ‘சும்மா’ காலை ஐந்தரைக்கு எழுந்து கிளறி அனுப்பிய எலுமிச்சை சாதம்!

இந்தச் ‘சும்மா’வின் எடை தெரிய வேண்டுமானால் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறுங்கள். காமாட்சியைக் கும்பிட்டு, வரதர் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டு, காந்தி ரோட்டில் "சொசைட்டி விலை ஸார்... சும்மா வந்து பாருங்க ஸார்" என்று கையைப் பிடித்து இழுக்கும் அன்பர்களிடமிருந்து தப்பித்து (அங்கேயும் ஒரு சும்மா!), பிள்ளையார்பாளையம் பக்கம் நடங்கள். தறிச் சத்தம் வழி காட்டும்.

சேலை நெய்பவர் யார் என்றால், தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருப்பவரைத்தான் காட்டுவோம். பி.காம். படித்த தோஷம், எனக்கு எதையும் வரவு செலவாகப் பார்க்கிற வியாதி உண்டு. கர்நாடகத்துப் பட்டும் சூரத் ஜரிகையும் வந்து இறங்கிவிட்டால் சேலை ஆகிவிடுமா? சாயம் ஏறிய நூலைச் சிக்கில்லாமல் பிரிக்க வேண்டும். ராட்டையில் தார் சுற்ற வேண்டும். தார் தீர்ந்தால் நாடா நிற்கும். நாடா நின்றால் தறி நிற்கும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போட வேண்டும். மழை தூறினால் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். பழைய பாவின் முனையில் புதுப் பாவைப் பிணைப்பது இருக்கிறதே, ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றாக! ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலை. மூன்று சேலைக்கு ஒருமுறை இந்தத் திருவிழா. இதில் பெரும்பங்கு வீட்டுப் பெண்களின் கையில்.

அப்புறம் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருமிடத்தில் நூல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சேலை கிழிந்தாலும் அந்த இடம் பிரியாது என்று பெருமையாகச் சொல்வார்கள். அதற்கு மூன்று நாடா வேண்டும். மூன்று நாடாவை ஒரே ஆள் ஓட்ட முடியாது. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வேண்டும்.

அந்த இன்னொரு ஜோடி ஒரு காலத்தில் குழந்தைகளுடையது. முன்பணத்துக்கு அடகு வைக்கப்பட்ட சின்னக் கைகள். 1986-லேயே குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2003-ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட பட்டுத் தொழில் அறிக்கையில் காஞ்சிபுரம் இருந்தது. பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ரொம்ப நல்லது. அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்தது யார்? பல வீடுகளில், அம்மா.

நான் பார்த்த வீட்டில், நடுக்கூடத்தில் தறி. பக்கத்தில் உத்தரத்திலிருந்து தூளி. அந்தம்மாவின் வலது கை ராட்டையில், இடது கை நூலில், கால் கட்டைவிரலில் தூளியின் கயிறு. அடுப்பில் குக்கர்.

"எத்தனை விசில்னு எப்படிம்மா நினைவு இருக்கு?"

"விசில் எண்ண மாட்டேன் ஸார். மூணு தார் சுத்தி முடிச்சா அரிசி வெந்திருக்கும்."

ஜாக்கார்டு பெட்டி எல்லாம் இவர் மூளைக்கு முன் ஜுஜுபி!

"குழந்தை அழுதா?"

"தறி ஓடுனாத்தான் தூங்குவான். நின்னா முழிச்சுக்குவான்."

கைக்கு ஒரு கலை, கண்ணுக்கு எதிரே குழந்தை, வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம் என்று நாம் சொல்லி முடிப்பதற்குள், தூளி ஈரமாகிவிட்டது. எழுந்தார். உள்ளே குக்கரும் கூப்பிட்டது. தறியிலிருந்து கணவர், "தார் எங்கே?" என்றார். கோபமாக இல்லை. நாம் ஆபீஸில் பியூனைக் கேட்போமே, அந்த மாதிரி.

கூலி எப்படி என்று கேட்டேன். சேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக வருகிறதாம். தார், பாவு, பிணைப்பு, கோர்வைக்குக் கை கொடுத்தது எல்லாம் அதற்குள் அடக்கம். பாஸ்புக் கணவர் பெயரில். குடும்பத்துக்குத்தானே செலவாகிறது என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் காஸ்ட் அக்கவுன்டன்ஸியில் இரண்டு பேர் உழைப்பை ஒருவர் பெயரில் எழுதினால் எங்கள் வாத்தியார் பேப்பரைக் கிழித்திருப்பார். அந்தம்மா ஒரு மாசம் படுத்துக்கொண்டால் கோர்வை நிற்கும், கூலியும் நிற்கும். பேரேட்டில் மட்டும் அவர் பெயரே கிடையாது!

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களுமாக 35 லட்சத்துக்கு மேல். அதில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். (அஸ்ஸாம் பெண்கள் தறியிலேயே உட்கார்ந்து நெய்வதால் எண்ணிக்கை எகிறுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) வீட்டு வேலை தனிக் கணக்கு. 2024-ம் வருடத்து மத்திய அரசு நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது 289 நிமிடம். ஆண்கள் 88. அதுவும் செய்கிற ஆண்களின் சராசரி. செய்யாத மகான்களைச் சேர்க்கவில்லை!

வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு என்று மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தமிழக அரசு தொடங்கி வைத்ததும் இதே காஞ்சிபுரத்தில்தான். 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். ‘இந்தம்மா சும்மா இல்லை’ என்று அரசாங்கக் காகிதத்தில் ஒரு வரி ஏறியது அன்று.

கிளம்பும்போது ஏழாவது படிக்கும் மூத்த பெண் ஸ்கூலிலிருந்து வந்தாள். பையை வைத்துவிட்டு நேராக ராட்டையிடம் போனாள்.

"தார் சுத்தத் தெரியுமா பாப்பாவுக்கு?"

"நான் சொல்லிக் குடுக்கல ஸார். பார்த்தே கத்துக்கிட்டா" என்ற அந்தம்மா, மகள் கையிலிருந்து நூலை வாங்கிக்கொண்டார். "போய் ஹோம்ஒர்க் எழுதுடி."