மொத்த உரிமையும் பதிப்பாளருக்கா?

வெலிங்டன் தீவு, காயலைத் தோண்டி எடுத்த மண்ணால் எழுந்தது. அதை எழுப்பிய பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1941இல் கொச்சியை விட்டுப் போனார். அவர் எழுதிய ‘கொச்சின் சாகா’ அச்சேற 1959 ஆயிற்று. 1966இல் இறந்தார். ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை என்பது இந்தியச் சட்டம். அந்தக் கணக்கில் 2026 முடியும்வரை இங்கே அதை யாரும் இஷ்டத்துக்கு மறுபதிப்பு போட முடியாது.

இத்தனை நீண்ட சொத்தைத்தான் புது எழுத்தாளர் பலர், புத்தகம் வந்தால் போதும் என்ற அவசரத்தில் படிக்காமல் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள்.

துறைமுகத்திலோ சுங்கத்திலோ வேலை பார்த்துக்கொண்டு இரவில் கதை எழுதுபவருக்கு முதலில் வரும் சந்தேகம், அது அரசுக்குச் சொந்தமாகிவிடுமா என்பது. அலுவல் நிமித்தம் எழுதிய அறிக்கை அரசுடையது. வீட்டில் எழுதிய நாவல் உங்களுடையது. (அலுவலக ரகசியத்தைக் கதைக்குள் நுழைத்தால் அது வேறு வம்பு.) பதிவு கட்டாயமில்லை. 500 ரூபாய் கட்டிப் பதிந்து வைத்தால் வழக்கில் சான்றாக நிற்கும்.

அடுத்தது ஒப்பந்தம். ‘அனைத்து உரிமைகளும் பதிப்பாளருக்கே’ என்ற ஒற்றை வரியைப் பார்த்தால் பேனாவை மூடி வையுங்கள். எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகளில், ராயல்டி எவ்வளவு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாத வரை, அது காலாவதியாகிவிடும். உரிமையையே விற்றுவிட்டாலும் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை 57ஆம் பிரிவின்படி உங்களிடமே தங்கும்.

பதிப்பாளர் எழுத்தாளரிடமே காசு வாங்கிக்கொண்டு புத்தகம் போடுவது குற்றமல்ல. ஆனால் எத்தனை பிரதி, எந்தத் தாள், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்கி, ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் உஷார்! ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது.

பணத்தை வாங்கிவிட்டு ஏமாற்றினால், கொச்சியில் இருப்பவர் 2 ஆண்டுக்குள் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணமில்லை. அனுமதியின்றி உங்கள் நூலை அச்சிட்டவர் சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 62ஆம் பிரிவு இடம் தருகிறது.