டஸ்கோ யானையும் தவறிய கணக்கும்

ஆண் யானைக்கு மதம் பிடிப்பதை ஒத்த நிலையை எல்.எஸ்.டி. எனும் செயற்கைப் போதைப்பொருளினால் உண்டாக்க முடியுமா என்று அறிவதற்காக, 1962 ஓகஸ்ட் 3 ஆம் திகதி அமெரிக்காவின் ஒக்லஹோமா நகர மிருகக்காட்சிச்சாலையில், டஸ்கோ என்ற 14 வயது யானைக்கு அப்பொருள் 297 மில்லிகிராம் ஊசிமூலம் ஏற்றப்பட்டது. ஐந்து நிமிடங்களில் யானை பிளிறிச் சாய்ந்து வலிப்புக்குள்ளானது. வலிப்பை அடக்குவதற்கு 2,800 மில்லிகிராம் புரோமசீனும் பின்னர் மயக்கமருந்தும் ஏற்றப்பட்டும், ஒரு மணி நாற்பது நிமிடங்களில் அது மாண்டது.

யானைகள் இப்பொருளின் விளைவுகளுக்கு மிக எளிதில் ஆட்படுபவை என்று ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினர். தவறு யானையினுடையதன்று, கணக்கினுடையதே என்பது எமது கருத்தாகும். பூனையை மூர்க்கமடையச் செய்யும் அளவான கிலோகிராமுக்கு 0.1 மில்லிகிராம், யானையின் நிறையால் அப்படியே பெருக்கப்பட்டிருந்தது. பேருடல் கொண்ட விலங்கு கிலோகிராம் ஒன்றுக்குச் செலவிடும் சக்தி சிறிய விலங்கினதை விட மிகக் குறைவு. மருந்தும் அதன் உடலிலிருந்து மெதுவாகவே அகல்கின்றது. இனபேதமோ இன்னும் பெரிது. இரத்தநாளத்தில் ஏற்றப்படும்போது பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு எலிக்குக் கிலோகிராமுக்கு 16.5 மில்லிகிராம், முயலுக்கு வெறும் 0.3. இவற்றுள் எதனைக் கொண்டு யானையையோ மனிதனையோ கணிப்பது?

1984 இல் ரொனால்ட் சீகல் குடிநீரில் கலந்து கொடுத்த இரு யானைகள் நடத்தை மாறினவேயன்றி மாளவில்லை. அருந்தக் கொடுப்பதும் ஊசியேற்றுவதும் ஒன்றல்லவாயினும், டஸ்கோவைக் கொன்றது எல்.எஸ்.டி.யா, அதன்பின் ஏற்றப்பட்ட மருந்துகளா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை.