பழைய டிரைவரும் புதிய கர்னலும்

பிரிண்டரோ வெப்கேமோ கிராஃபிக்ஸ் கார்டோ, எந்தக் கருவியைக் கணினியில் இணைத்தாலும் அதை இயக்கத் தெரிந்த டிரைவர் என்ற மென்பொருள் உள்ளே இருக்க வேண்டும். டிரைவருக்கு இரண்டு முகங்கள். ஒன்று கருவியின் சிப்பைப் பார்த்திருக்கிறது. சிப் விற்றுப்போன பிறகு அந்தப் பக்கத்தில் மாற்ற ஒன்றுமில்லை. மற்றொன்று இயங்குதளத்தின் மையமான கர்னலைப் பார்த்திருக்கிறது. தகராறு எழுவது இந்த இரண்டாவது பக்கத்தில்தான். கர்னலின் இடைமுகத்தை மாற்றாமல் வைத்திருந்தால் பழைய கருவிகள் ஓடும். அன்றைக்குச் செய்த வடிவமைப்புப் பிழைகளும் கூடவே ஓடும். மாற்றினால் கர்னல் சீராகும். நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த ஸ்கேனர் இன்று அசையாது.

மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ் விஸ்டாவை விடப் பெரிய பாடம் இல்லை. 1996இல் வந்த விண்டோஸ் என்டி 4.0, வேகத்துக்காக கிராஃபிக்ஸ் வேலையைக் கர்னலுக்குள் கொண்டுவந்தது. அதன்பின் டிஸ்பிளே டிரைவரில் ஒரு கோளாறு என்றால் மொத்த இயந்திரமும் நீலத் திரையோடு நின்றுவிடும். பத்தாண்டு கழித்து விஸ்டா இதைத் திருத்தியது. டிஸ்பிளே டிரைவரின் பெரும்பகுதி கர்னலுக்கு வெளியே அனுப்பப்பட்டது. கிராஃபிக்ஸ் சிப் இரண்டு விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸே அதை மறுதொடக்கம் செய்யும். திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும், மூலையில் ஓர் அறிவிப்பு தோன்றும், திறந்திருந்த கோப்பு அப்படியே இருக்கும். நல்ல வடிவமைப்பு என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் 2007 ஜனவரியில் விஸ்டா கடைக்கு வந்தபோது வாங்கியவர்கள் கண்டது வேறு. கிராஃபிக்ஸ் நிறுவனங்கள் டிரைவர்களை அடிமுதல் எழுத வேண்டியிருந்தது, வெளிவந்தவை அரைவேக்காடு. ஒரு வழக்கின்போது வெளியான மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்களின்படி, 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் கால்பங்குக்கும் மேல் என்விடியா டிரைவர்களால் நேர்ந்தவை. பழி முழுவதும் விஸ்டாவின் தலையில் விழுந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7 அதே டிரைவர் அமைப்பைத்தான் பயன்படுத்தியது. அதற்குள் டிரைவர்கள் தேறிவிட்டதால் பாராட்டு அதற்குக் கிடைத்தது. விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பி கால டிஸ்பிளே டிரைவர்களையும் இந்த இரண்டு பதிப்புகளும் ஏற்றுக்கொண்டன, கண்ணாடிபோல் மின்னும் ஜன்னல்கள் மட்டும் கிடைக்காது. 2012இல் விண்டோஸ் 8 அந்த வாசலையும் மூடியது.

லினக்ஸ் கோட்டை வேறு இடத்தில் போட்டது. கர்னலின் மேல் ஓடும் நிரல்கள் எந்தப் புதுப்பிப்பாலும் உடையக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் படு கறார். மீறியவர்களைப் பொதுவில் வறுத்தெடுத்திருக்கிறார். கர்னலுக்கு உள்ளேயோ எந்த உத்தரவாதமும் கிடையாது. கர்னல் ஆவணங்களில் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் யுஎஸ்பியை உதாரணமாகக் காட்டுகிறது: அதன் உள் இடைமுகம் குறைந்தது மூன்று முறை மாற்றி எழுதப்பட்டது. ஒரு முறை மாற்றியதற்குக் காரணம், பழைய முறையில் டிரைவர்கள் ஒன்றுக்கொன்று காத்திருந்து இறுகிப்போனதுதான். பழையதையும் வைத்திருந்தால் அந்த ஓட்டையையும் சேர்த்துப் பராமரிக்க வேண்டியிருக்கும். இடைமுகத்தை மாற்றுகிறவரே அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் திருத்தித் தர வேண்டும் என்பது அங்கே நடைமுறை. டிரைவரின் மூலநிரல் கர்னலோடு இருந்தால்தான் இது நடக்கும். நிரலை மூடிவைக்கும் நிறுவனம் ஒவ்வொரு பதிப்பின் பின்னாலும் ஓடவேண்டியதுதான்.

நிரலைத் திறந்து கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்கள் என்பதில்லை. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒரே நிரலைப் பயன்படுத்த எண்ணிய கிராஃபிக்ஸ் சிப் நிறுவனம் ஏஎம்டி, நடுவே ஓர் இடையடுக்குடன் தன் டிஸ்பிளே நிரலைத் தர முன்வந்தது. 2016 டிசம்பரில் லினக்ஸ் கர்னலின் கிராஃபிக்ஸ் பிரிவின் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி அதை ஏற்க மறுத்தார். இடையடுக்கு நிறுவனத்துக்கு வசதி, கர்னலைப் பராமரிப்பவர்களுக்குத் தலைவலி என்பது அவர் தரப்பு. திருத்திய வடிவம் 4.15 பதிப்பில், 2018 தொடக்கத்தில், உள்ளே வந்தது. ஓராண்டுக்கும் மேலான அந்தத் தாமதம் தகும் என்றே தோன்றுகிறது. நுழைந்துவிட்ட இடையடுக்கைப் பிறகு அகற்ற யாரும் முன்வருவதில்லை.

லினக்ஸின் இந்தச் சுதந்திரத்துக்கும் விலை கொடுத்தவர்கள் உண்டு: ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள். சிப் நிறுவனங்கள் ஒரு கர்னல் பதிப்பை எடுத்துத் தங்கள் டிரைவர்களைச் சேர்த்து, அதிலேயே நின்றுவிட்டன. புதிய ஆண்ட்ராய்டைக் கொண்டுவர டிரைவர்களையும் தொட வேண்டியிருந்ததால் நல்ல நிலையிலுள்ள போன்களும் புதுப்பிப்பின்றிக் கிடந்தன. 2017இல் ஆண்ட்ராய்டு 8.0, சிப் நிறுவனத்தின் நிரலுக்கும் மேலே உள்ள இயங்குதளத்துக்கும் நடுவே நிலையான இடைமுகம் ஒன்றை வைத்தது. பிறகு கூகுள் கர்னலையே பொதுவாக்கி, 5.10 போன்ற ஒவ்வொரு நீண்டகாலப் பதிப்புக்கும் டிரைவர் இடைமுகத்தை உறையவைத்தது. அடுத்த நீண்டகாலப் பதிப்பு வரும்போது அதை மாற்றலாம்.

ஒவ்வொரு கருவிக்கும் தனி டிரைவர் தேவைப்படாமல் செய்வது இன்னொரு வழி. கருவி ஒரு பொதுத் தரத்தைப் பின்பற்றினால் இயங்குதளத்திலுள்ள ஒரே டிரைவர் எல்லா நிறுவனத்துக்கும் போதும். பென்டிரைவ், வெப்கேம், கீபோர்டு எல்லாம் செருகியவுடன் வேலை செய்வது இப்படித்தான். மாற்ற முடியாத பகுதி அப்போது கர்னலை விட்டு யுஎஸ்பி வயருக்குப் போய்விடுகிறது. 1990களில் யுஎஸ்பி கீபோர்டுக்கு வகுத்த எளிய வடிவம் எட்டு பைட்: ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒன்று, சும்மா ஒதுக்கியது ஒன்று, மீதி ஆறும் அழுத்திய விசைகளுக்கு. ஒரே நேரத்தில் ஆறு விசைக்கு மேல் அதில் சொல்ல முடியாது. கூடுதலாக வேண்டும் என்ற விளையாட்டுக்காரர்களுக்காக நிறுவனங்கள் வேறொரு வடிவத்தையும் சேர்த்துத் தருகின்றன. கணினி தொடங்கும்போது விண்டோஸோ லினக்ஸோ வருவதற்கு முன் ஓடும் பயாஸுக்குப் புரிவது அந்த எட்டு பைட்தான் என்பதால், பழையதை யாரும் எடுக்கவில்லை.