ஊர் மாறிய குழந்தையும் ஆக்கச் சிந்தனையும்

1951-இல் தமிழகத்தில் நூற்றுக்கு 24 பேரே நகரவாசிகள். 2011-இல் அத்தொகை 48 ஆயிற்று. அவர்களுள் சிற்றூர்களை விட்டு வந்தோரும் பலர். இந்த இடப்பெயர்ச்சி குழந்தைகளின் ஆக்கச் சிந்தனையை வளர்க்குமா, குறைக்குமா?

ஆக்கச் சிந்தனையை ஆராயுமாறு 1950-இல் உளவியலாரை வேண்டியவர் அமெரிக்க அறிஞர் கில்போர்டு. ஒரு செங்கல் எவற்றிற்கெல்லாம் பயன்படும் என வினவுவது அவர் வகுத்த முறை. விடைகள் பலவாகவும், வேறுவேறாகவும், புதியனவாகவும் அமைதல் வேண்டும்.

சிற்றூர்ச் சிறுவனுக்கு இது நாள்தோறும் நிகழும் பயிற்சி. நுங்கு உண்டபின் எஞ்சிய காய்கள் இரண்டைக் குச்சியின் இருமுனையிலும் செருகினால் வண்டி. பூவரச இலையைச் சுருட்டினால் ஊதல். நகரத்திலோ விளையாட்டுப் பொருள் பெரும்பாலும் கடையிலிருந்தே வருகிறது; குழந்தை செய்வதற்கு அதில் மிச்சமில்லை. ஆயினும் நகரம் வறியதன்று. 1896-இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா போன்ற நூலகங்களும், அருங்காட்சியகமும், பன்மொழி மாந்தரும் அங்கே உளர்.

ஆகவே, ஊர் மாறிய குழந்தை ஈருலகையும் ஒப்புநோக்கும் பேறுடையது. அப்பேற்றைக் கெடுப்பது ஏளனமே. தன் ஊர்ப்பேச்சைக் கேட்டுப் பிறர் நகைத்தவுடன் வாய்மூடிய பிள்ளைகளை என் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். வினவ அஞ்சும் வாய், நாளடைவில் வினாவே எழாத மனத்தை உண்டாக்கும். அத்தகைய பிள்ளையைப் பனையோலைக் காற்றாடி செய்து காட்டச் சொன்னால், வகுப்பே அவனைச் சூழ்ந்துகொள்ளும்.

புதிதாய் வந்த தோழனைக் கண்டால் நகையாதீர்கள். அவன் ஊரில் என்னென்ன செய்து விளையாடினான் என்று கேளுங்கள். அவன் சிந்தனையும் வளரும். உங்கள் சிந்தனையும் வளரும்.