கைகண்ட அறிவும் எழுதிவைத்த பெயரும்

தோழர்களே, கண்டுபிடிப்பு என்றதும் பாடப்புத்தகம் நமக்குச் சில பெயர்களைச் சொல்கிறது. அந்தப் பெயர்கள் அங்கே எப்படி ஏறின என்பதைச் சொல்வதில்லை. அதை அறிய நாம் வெனிலாக் கொடியின் கதையைப் பார்ப்போம்.

வெனிலா மெக்சிகோவின் கொடி. ஐரோப்பியர் அதைத் தம் காலனிகளில் நட்டார்கள். பூத்தது, காய்க்கவில்லை. பூ ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும். உள்ளே மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே மெல்லிய மடல் ஒன்று மறிக்கிறது. மெக்சிகோவில் தேனீக்கள் செய்த வேலையைச் செய்யப் பிற இடங்களில் எதுவும் இல்லை. 1836இல் பெல்ஜியத்தின் லியேழ் நகரில் சார்லஸ் மோரன் என்ற பேராசிரியர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் பெற்றார். அவருடைய முறை தோட்டங்களில் பரவவில்லை.

1841. இந்தியப் பெருங்கடலில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ரியூனியன் தீவு. பெல்லியே-போமோன் என்பவரின் தோட்டத்தில், பல ஆண்டுகளாகக் காய்க்காத கொடியில் காய்கள் தொங்கின. அது தன் கைவேலை என்றார் எட்மண்ட். அடிமையாக்கப்பட்ட 12 வயதுச் சிறுவர் அவர். எஜமான் முதலில் நம்பவில்லை. எட்மண்ட் செய்து காட்டினார்: மூங்கில் சிம்பால் மடலை நிமிர்த்தி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியில் அழுத்தினார்.

இது தற்செயலா? இல்லை. பூசணி இனச் செடியொன்றில் ஆண் பூவையும் பெண் பூவையும் கையால் இணைப்பதை எஜமான் முன்பே அவருக்குக் காட்டியிருந்தார். அங்கே கற்றதை வேறொரு பூவுக்குப் பொருத்தி, இடையில் தடுப்பது எது என்று தேடிக் கண்டவர் எட்மண்ட். அதற்குப் பெயர் பகுத்தறிவு.

பிறகு தோட்டம் தோட்டமாக அனுப்பப்பட்டு மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தீவில் வெனிலா பெருந்தொழிலானது. 1848இல் அடிமை முறை ஒழிந்தது. எட்மண்ட் அல்பியஸ் ஆனார். லாபத்தில் பங்கு மட்டும் வரவில்லை. ரிஷார் என்ற தாவரவியலாளர், அம்முறையைக் கற்பித்தவர் தாமே என்றார். பெல்லியே-போமோன் அதை மறுத்து எழுதினார். 1880இல் எட்மண்ட் வறுமையில் இறந்தார்.

1938இல் ஹான்ஸ் ரைஷன்பாக் என்ற தத்துவ அறிஞர் ஒரு வேறுபாட்டை வரையறுத்தார். ஒரு கருத்து எப்படித் தோன்றியது என்பது வேறு. அது சரியென்று எப்படி நிறுவுவது என்பது வேறு. தத்துவத்தின் வேலை இரண்டாவதுதான் என்றார். பிறப்பைப் பார்த்து அறிவை எடைபோடும் சமூகத்தில், சொன்னவர் யார் என்று பாராமல் சான்றைப் பார் என்னும் இந்த வாதம் நமக்கும் ஆயுதம்தான். ஆனால், கருத்து யாரிடம் தோன்றியது என்ற கேள்வியைக் கைவிட்டால் இழப்பு யாருக்கு? எட்மண்டின் சான்று கொடியிலேயே தொங்கியது. ஆனாலும் அவர் பெயர் நிலைக்க எஜமானின் கடிதம் தேவைப்பட்டது. அந்தக் கடிதம் இல்லையென்றால் ரிஷாரின் பெயரே நின்றிருக்கும்.

இன்றும் உலகின் வெனிலாத் தோட்டங்கள் அந்தச் சிறுவரின் கையசைவையே செய்கின்றன. தோல் பதனிட்ட, பறைக்குத் தோல் கட்டிய நம் முன்னோரின் கையறிவுக்குக் கடிதம் எழுதிவைத்த எஜமானர் எத்தனை பேர்? மாணவத் தோழர்களே, அதைக் கேட்டறிந்து எழுதும் வேலை நம்முடையது.